டாஃப், இயந்திரம், உடல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் ஒரு கட்டுரையில் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்த ஜெர்மன் இசைக்குழுவான டாஃபின் ‘டெர் முசோலினி’ பாடலைக் கேட்டேன். ஒரே பேஸ் கோர்வை, அதாவது தாழ்ந்த சுரங்களின் ஒரு சரடு, விடாமல் சுழல்கிறது, அதன்மேல் ஒருவர் அதட்டிக்கொண்டே இருக்கிறார். மெட்டு என்று எதுவும் இல்லை. போதாததற்கு முசோலினியையும் ஹிட்லரையும் ஆடச் சொல்கிறார்கள். இதில் என்ன ஈர்ப்பு? இது பாசிசத்தோடு விளையாடுவது ஆகாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மெட்டைத் தேடிக்கொண்டு கேட்டால் அந்தப் பாடல் வெறுமையாகத்தான் தெரியும். டியூசல்டார்ஃபில் 1978இல் பலர் சேர்ந்து தொடங்கிய டாஃப், 1981இல் ‘அல்லெஸ் இஸ்ட் கூட்’ இசைத்தொகுப்பை வெளியிட்டபோது பாடகர் காபி டெல்காடோ, டிரம்ஸ் வாசித்த ராபர்ட் கெர்ல் என்ற இருவராகச் சுருங்கியிருந்தது. கிட்டாரும் போய்விட்டது. மின்னணு இசைக்கருவியான சின்தசைசரை, சுரங்களைத் தானாகவே வரிசையாக ஒலிக்கவைக்கும் சீக்வென்சர் என்ற இயந்திரம் ஓட்டுகிறது. சில சுரங்கள் மட்டுமே கொண்ட பேஸ் கோர்வை சற்றும் பிசகாத இடைவெளியில், கொஞ்சமும் தளராமல் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் அதனுடன் சேரும் டிரம்ஸை வாசிப்பது இயந்திரமல்ல, கெர்லின் கைகள். களைப்பே அறியாத ஒன்றுக்கு வியர்க்கிற ஒரு மனிதர் ஈடுகொடுக்கும்போது உண்டாகும் இழுபறிதான் இந்த இசையின் உயிர் என்பது என் எண்ணம். கொலோனுக்கு அருகில் இருந்த தன் ஒலிப்பதிவுக் கூடத்தில் இதைப் பதிவுசெய்த கோனி பிளாங்க் ஒலிகளுக்கிடையே தாராளமாக இடம் விட்டிருப்பதால், டெல்காடோவின் மூச்சுகூடத் தாளத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது. தயவுசெய்து கைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள், அதில் பேஸே இருக்காது.

அரசியல் குறித்த உங்கள் கேள்வி நியாயமானது. டெல்காடோ 1958இல், பிராங்கோவின் சர்வாதிகாரத்தில் இருந்த ஸ்பெயினில் பிறந்து, சிறுவயதிலேயே ஜெர்மனிக்கு வந்தவர். அந்தப் பாடலில் முழங்காலை மடக்கு, கையைத் தட்டு, இடுப்பை ஆட்டு என்ற கட்டளைகளுக்கு நடுவே முசோலினியும் ஹிட்லரும் வெறும் ஆட்ட அசைவுகளாக வந்துபோகிறார்கள்; இயேசுவும் அதே வரிசையில் வருகிறார். துதிப்பவன் இப்படி இடுப்பாட்ட மாட்டான். ஆனால் அதே அதட்டலையும் டாஃப் அணிந்த தோலாடையையும் பின்னால் வந்த பலர் இந்தக் கேலி இல்லாமலே எடுத்துக்கொண்டார்கள், அங்கே உங்கள் ஐயத்துக்கு இடமிருக்கிறது. பெல்ஜியத்தின் ஃபிரண்ட் 242 குழு எண்பதுகளின் நடுவில் இவ்வகை மின்னணு ஆட்ட இசைக்கு ‘எலெக்ட்ரானிக் பாடி மியூசிக்’ என்ற பெயரைப் பரப்பிய பிறகு வந்த பாடல்களில் பாதிக்கு மேல் எனக்கு வெறும் உடற்பயிற்சியாகவே படுகின்றன. டியூசல்டார்ஃபின் இன்னொரு குழுவான டீ க்ரூப்ஸ் விதிவிலக்கு. ஹிட்லரின் போர்களுக்கு ஆயுதம் செய்த எஃகுக் குடும்பத்தின் பெயரைச் சூடிக்கொண்டு, உலோகத்தையே தாளக்கருவியாக்கி அடித்தவர்கள் அவர்கள்.

அதே டாஃப் தொகுப்பில் ‘டெர் ரோய்பர் உண்ட் டெர் பிரின்ஸ்’ என்றொரு பாடல் இருக்கிறது. கொள்ளையன் ஒருவன் இளவரசன்மேல் காதல் கொள்ளும் கதை; நீங்கள் தேடிய மெட்டும் அதில் உண்டு. அதை முதலில் கேட்டுவிட்டு ‘டெர் முசோலினி’க்குத் திரும்புங்கள், அந்த அதட்டல் டெல்காடோ வேண்டுமென்றே போட்டுக்கொண்ட வேடம் என்பது தெரியும்.