நிறத்தை விட்டு வடிவத்துக்கு மாறவில்லையா? பணம் கட்டும் முன் படியுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 3 வயது 5 மாதம். பிளே ஸ்கூலில் அட்டைகளை நிறப்படி சரியாகப் பிரித்தான். வடிவப்படி பிரிக்கச் சொன்னபோதும் நிறப்படியே வைத்தான். பிடிவாதம், மூளைப் பயிற்சி வகுப்பு தேவை என்கிறார்கள். 15,000 ரூபாய் கட்டலாமா?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கட்டாதீர்கள். குழந்தைகளின் மன வளர்ச்சியை ஆராயும் உளவியலாளர் ஃபிலிப் ஜெலாசோ குழுவினர் 1990களில் இதே அட்டை விளையாட்டை வைத்துப் பார்த்தார்கள். மூன்று வயதில் பெரும்பாலோர் பழைய விதியிலேயே நிற்கிறார்கள். ஐந்து வயதில் பெரும்பாலோர் மாறிவிடுகிறார்கள். புது விதியைக் கேட்டால் வாய் சரியாகச் சொல்லும், கை பழைய இடத்துக்கே போகும். அந்தக் கையைத் தடுக்கும் மூளையின் முன்பகுதி மெதுவாகத்தான் முதிரும். இதைப் பிடிவாதம் என்று எழுதித் தரும் பள்ளிகள்மேல் கோபம்தான் வருகிறது.

வீட்டிலேயே செய்யலாம். ஒரு கிண்ணத்தில் சிவப்பு மீன் படம், இன்னொன்றில் நீலப் படகு படம் ஒட்டுங்கள். நீல மீன் மூன்று, சிவப்புப் படகு மூன்று வெட்டிக்கொள்ளுங்கள். முதலில் நிறப்படி போடட்டும். பிறகு ஆறையும் வெளியே எடுத்து, “இனிமே மீன் மீனோட, படகு படகோட” என்று சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் தரும் முன் “இது மீனா, படகா?” என்று கேட்டு, அவன் சொன்ன பிறகே கையில் கொடுங்கள். நீங்கள் நிறத்தைச் சொல்லிவிட்டால் கை நிறத்துக்கே போகும். தவறினால் அதட்ட வேண்டாம். ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள். பத்து நிமிடம் போதும்.

காதை மட்டும் கவனியுங்கள். சளிக்குப் பின் நடுக்காதில் நீர் தேங்கினால், விதி மாறியதே சரியாகக் கேட்காமல் போகலாம். டிவியை அணைத்து, அவன் விளையாடும்போது முதுகுப் பக்கம் நான்கடி தள்ளி நின்று மெல்லக் கூப்பிடுங்கள். உங்கள் நிழல்கூட அவன் கண்ணில் படக் கூடாது. இரண்டு மூன்று நாள் பாருங்கள். திரும்பவில்லை என்றாலோ, திரும்பினாலும் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாலோ, பேச்சு தெளிவில்லாவிட்டாலோ, அரசு மருத்துவமனையிலோ ஜிப்மரிலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

“ஆறு மாதத்தில் முன்னேற்றம், இல்லாவிட்டால் பணம் வாபஸ்” என்பார்கள் வகுப்பு நடத்துபவர்கள். இந்த வயதில் ஆறு மாதம் போனாலே பல பிள்ளைகள் தானாக முன்னேறுவார்கள். வளர்ச்சி பிள்ளையுடையது, ரசீது அவர்களுடையது. கண்ணைக் கட்டி நிறம் சொல்லவைக்கும் ‘மிட்பிரெயின்’ வகுப்பென்றால் வாசலிலேயே திரும்பிவிடுங்கள். மூக்கோர இடுக்கு வழியாகப் பிள்ளை பார்க்கிறது, அவ்வளவுதான். இப்படிச் சேர்த்துவிடப் பள்ளிக்கும் இடையில் இருப்பவருக்கும் கமிஷன் போவதுண்டு. எல்.கே.ஜி. சேர்க்கைக்கே தேர்வு வைக்கும் ஊரில் கேட்பார் யார்?

மறுபடி வற்புறுத்தினால், என்ன சோதனை, வைத்தவர் யார், அவர் படிப்பு என்ன என்று எழுத்தில் கேளுங்கள்.