எக்ஸோசோம் ஊசிக்குப் பின் கன்னத்தில் கட்டி: பாதிப் பணத்துக்குக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நான் தேவகோட்டை. முகம் பொலிவாகும், முடி அடர்த்தியாகும் என்று காரைக்குடியில் ஒரு கிளினிக்கில் எக்ஸோசோம் (உயிரணுக்கள் வெளிவிடும் நுண்ணிய பைகள்) ஊசி போட்டார்கள். நான்கு சிட்டிங், 80,000 ரூபாய். முடி வளரவில்லை, கன்னத்தில் கட்டிகள்தான் வந்தன. மகன் கல்யாணத்தில் சபையில் நிற்கவே கூசியது. கேட்டால் அலட்சியமாகப் பேசுகிறார்கள். சொந்தக்காரர் மூலம் ஒன்றரை வருடமாகப் பேசி, இப்போது பாதிப் பணம் தருகிறார்களாம். வாங்கலாமா?

பதில்: ஆச்சி, சபையில் பட்ட கூச்சமும் அவர்களின் அலட்சியமும் வழக்கைத் தாங்காது. முடி வளராததும் அப்படித்தான். பலன் கிடைக்கவில்லை என்பது மட்டும் கவனக்குறைவு ஆகாது.

உங்கள் தோலுக்குள் போன பாட்டில் எது? அதுதான் வழக்கு. எக்ஸோசோம் பாட்டில்கள் பல, மேலே தடவும் அழகுசாதனப் பொருளாகவே விற்பனைக்கு வருகின்றன. அங்கீகாரம் பெற்ற எக்ஸோசோம் மருந்து எதுவுமே இல்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019 டிசம்பரிலேயே எச்சரித்தது. தடவுவதை ஊசியில் ஏற்றி, அதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்கியிருந்தால், 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்ட, போதிய விவரம் சொல்லி வாங்கும் சம்மதம் அங்கே இல்லை. சிகிச்சைப் பதிவை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும். பாட்டிலின் பெயர், பேட்ச் எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். நம் பக்கத்தில் பெரியவர்களை வைத்துப் பேசியே காலத்தை ஓட்டிவிடுகிறோம். நுகர்வோர் சட்டத்தின் 69-வது பிரிவு தருவது இரண்டே வருடம். வாய்ப்பேச்சு அந்தக் கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது. கட்டி முதலில் தெரிந்த நாளிலிருந்து எண்ணுங்கள். உங்களுக்கு மிஞ்சியிருப்பது சில மாதம்தான். அப்புறம், பாதிப் பணம் தரும்போது அவர்கள் நீட்டும் வவுச்சர். "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி கோரிக்கை இல்லை" என்ற வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, கட்டியை அறுக்கும் செலவோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் செய்ய முடிந்தது மிகக் குறைவு. கட்டியைக் கரைக்கிறோம் என்று அதே கிளினிக் இலவச ஊசிக்குக் கூப்பிட்டாலும் போகாதீர்கள். புதுப் படிவம் நீட்டுவார்கள், எந்த ஊசியால் வந்த கட்டி என்பதும் குழம்பிவிடும்.

சமாதானம் செய்துகொள்ளுங்கள், அதுதான் உங்களுக்கு நல்லது. ஆனால் பாதிப் பணத்துக்கு வேண்டாம். முதலில் வேறு தோல் மருத்துவரிடம் பயாப்ஸி (கட்டியில் சிறு துண்டு எடுத்துச் செய்யும் சோதனை) எடுத்து, காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். அதை வைத்து முழுத் தொகையும் இனி ஆகும் சிகிச்சைச் செலவும் கேட்டு நோட்டீஸ் அனுப்புவோம். ஒரு மாதத்தில் எழுத்தில் பதில் வராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டுவிடுங்கள். மனு போட்ட பிறகும் பேசி முடிக்கலாம்.