மொழியாசிரியர் மாநாட்டுக்குச் செல்வதால் உண்மையில் பயன் உண்டா?

விடுப்பு எடுத்து, கைக்காசையும் செலவழித்து எழுத்தும் மொழியும் கற்பிப்போர் மாநாட்டுக்குப் போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டுரைத் தாள் திருத்தியே விடுமுறைகளைக் கழிப்பவர் நீங்கள் என ஊகிக்கிறேன். அப்படியானால் தாராளமாகப் போங்கள். ஆனால் சிறப்புரைகளுக்காக அல்ல, பயிலரங்குகளுக்காகப் போங்கள்.

நான் கலந்துகொண்ட ஒரு பயிலரங்கில், ஒரு மாணவரின் கட்டுரையைப் பெயர் நீக்கிப் படியெடுத்து எல்லோருக்கும் கொடுத்து, யாரிடமும் கலந்து பேசாமல் மதிப்பெண் இடச் சொன்னார்கள். என் இடப்பக்கம் இருந்தவர் சந்திப்பிழைகளை ஒன்றுவிடாமல் வட்டமிட்டு, தேர்ச்சிக்குச் சற்று மேலே நிறுத்தியிருந்தார். வலப்பக்கம் இருந்தவரோ, மூன்றாம் பத்தியில் அந்த மாணவர் தாம் முதலில் சொன்ன கருத்தைத் தாமே மறுத்திருந்த இடத்தின் ஓரத்தில் ‘இங்கேதான் சிந்திக்கத் தொடங்குகிறார்’ என்று எழுதி, ஏறக்குறைய முழு மதிப்பெண் அளித்திருந்தார். இருவருமே அனுபவம் மிக்கவர்கள், இருவரிடமும் நியாயம் இருந்தது. அதன் பிறகே அமர்வை நடத்தியவர், அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் பால் டீடரிக்கும் அவருடைய குழுவினரும் 1961-இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னார்: 300 கட்டுரைகளைப் பல துறைகளைச் சேர்ந்த 53 பேர் 9 தரநிலைகளில் மதிப்பிட்டபோது, 94 விழுக்காடு கட்டுரைகளுக்குக் குறைந்தது 7 வெவ்வேறு தரங்கள் கிடைத்தனவாம். அந்த ஆய்வை முன்பே படித்திருக்கிறேன். ஆனால் இரு பக்கத்துத் தாள்களையும் கண்ணால் கண்டபோதுதான் அது உறைத்தது. இப்போது எங்கள் துறையில், தேர்வுத் தாள்களைத் திருத்துவதற்காக ஆளுக்குச் சில எனப் பிரித்துக்கொள்வதற்கு முன் சில மாதிரித் தாள்களைச் சேர்ந்து படித்து, எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று வாதாடி முடிவு செய்கிறோம்.

இணையவழிக் கருத்தரங்கில் இது கிடைக்காதா என்று சிலர் கேட்கக்கூடும். கிடைக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆயினும் ஒலியை அணைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பவரோடு வாதாட முடியாது. சிறப்புரையாளர்களைக் குறைத்து மதிப்பிடுவதும் என் நோக்கமன்று. அவர்கள் சொல்வதைப் பெரும்பாலும் பிறகு படித்துக்கொள்ளலாம், அவ்வளவே.

உண்மையில் என் வருத்தம் நிருவாகத்தின்மீதுதான். திரும்பி வந்ததும் வருகைச் சான்றிதழையும் புகைப்படத்தையும் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்தார்களே தவிர, என்ன கற்றீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பதவி உயர்வுக்குச் சான்றிதழ்தான் கணக்கு என்றான பிறகு, கையொப்பமிட்டுவிட்டு நழுவுபவர்களை மட்டும் குறை சொல்லி என்ன செய்வது?

கட்டணம் செலுத்துமுன் நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்குங்கள். மாணவர் எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கும் அமர்வு ஒன்றுகூட அதில் இல்லையென்றால், அந்த மாநாட்டை விட்டுவிடலாம்.