அம்மா கொடுத்த சிறுநீரகம் பத்து வருஷம்தானா?

கேள்வி: எனக்கு வயது 38. நான்கு வருடங்களுக்கு முன் அம்மாவின் சிறுநீரகத்தைப் பொருத்தினார்கள். கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) 1.3. "எப்படியும் பத்து வருஷம்தான் ஓடும்" என்கிறார் சொந்தக்காரர் ஒருவர். உண்மையா? இனி மாத்திரைகளைக் குறைத்துக்கொள்ளலாமா?

பதில்: உயிரோடு இருப்பவர் கொடுத்த சிறுநீரகம் சராசரியாக 15 முதல் 20 வருடம் வேலை செய்கிறது. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெற்றது என்றால் சில வருடங்கள் குறையும். இது வெறும் சராசரிதான். அம்மாவின் வயது, திசுப் பொருத்தம், உங்கள் பழைய சிறுநீரகத்தைக் கெடுத்த நோய் ஆகியவற்றை இனி மாற்ற முடியாது. உடம்பு புதுச் சிறுநீரகத்தை எதிர்க்காமல் தடுக்கும் மாத்திரை உங்கள் கையில் இருக்கிறது.

அதை நீங்களாகக் குறைக்காதீர்கள். 'நாலு வருஷமாச்சே, உடம்புக்குப் பழகியிருக்கும்' என்று பலர் நினைக்கிறார்கள். பழகாது. டோஸ் அடிக்கடி விட்டுப்போனால், அந்தச் சிறுநீரகத்தைத் தாக்கும் ஆன்டிபாடிகள் உருவாகலாம். வலியோ காய்ச்சலோ இல்லாமலே சேதம் நடக்கும். கிரியாட்டினின் ஏறும்போது நிறைய இழந்திருப்போம். அதனால் சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அந்த மாத்திரைகளில் ஒன்றான டாக்ரோலிமஸை 12 மணி நேர இடைவெளியில் போடச் சொல்லியிருப்பார்கள். ரத்தத்தில் அதன் அளவை (லெவல்) பார்க்கும் நாளில் ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரை. முன்பே விழுங்கிவிட்டு வந்தால் லெவல் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி மருத்துவர் டோஸைக் குறைத்துவிடுவார். இப்படி வருபவர்களை நான் வாராவாரம் பார்க்கிறேன்.

பல்வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடாதீர்கள், சிறுநீரகத்துக்கு ஆகாது. கிளாரித்ரோமைசின் (ஆன்டிபயாடிக்), ஃப்ளூகோனசோல் (பூஞ்சைத் தொற்று மருந்து) போன்றவை டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் தலைகீழாக இறக்கிவிடும். பம்ளிமாஸ் பழமும் அளவை ஏற்றக்கூடியதுதான். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் சிறுநீரகம் மாற்றியவர் என்று சொல்லுங்கள்.

ரத்த அழுத்தம் 130/80-க்குள் இருக்கட்டும். டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு இரண்டுமே சர்க்கரையைக் கொண்டுவரக்கூடியவை, அதையும் கவனியுங்கள். சிறுநீரகம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் போய்விடுபவர்கள் உண்டு. சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

அப்புறம், அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே? அவருக்கும் வருடம் ஒருமுறை ரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீர்ப் பரிசோதனை தேவை. அடுத்த செக்கப்புக்கு அவரையும் அழைத்துப் போங்கள்.