கூட்டலுக்கு அடங்காத எண்கள்

அன்புள்ள ஐயா,
பர்மாவின் மோல்மேனில் டியூஷன் எடுக்கிறேன். சுழியும் இல்லாமல், எந்தப் பின்னத்தைவிடவும் சிறிதான ‘நுண்ணெண்’களை வைத்துக் கணக்கிடும் ராபின்சனின் நான்ஸ்டாண்டர்ட் அனாலிசிஸ் பற்றி நீங்கள் எழுதியதைக் கரண்ட் போன இரவில் போனில் படித்தேன். கணினியால் கணக்கிட முடியாத எண்களால் என்ன பயன்? நம் பழைய பின்னமான கீழ்முந்திரியும் நுண்ணெண்தானே? பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தரலாமா?

அன்புள்ள தம்பி,
இருந்த சார்ஜையும் இதற்குச் செலவழித்திருக்கிறீர்கள். அதற்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கீழ்முந்திரி. அது ஒன்றில் 1,02,400-இல் ஒரு பங்கு. அத்தனை முறை கூட்டினால் ஒன்று வந்துவிடும். ராபின்சன் 1960-இல் தர்க்கத்தின் வழியே கொண்டுவந்த நுண்ணெண்ணை எத்தனை கோடி முறை கூட்டினாலும் ஒன்றை எட்டாது. ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கியில் கணக்கெழுதிய என் தாத்தா, வட்டியில் ஒரு முந்திரி, அதாவது 320-இல் ஒரு பங்கு, இடித்தால் பேரேட்டை மூடமாட்டார். ‘சுழியும் இல்லை, சேர்த்தாலும் சேராது’ என்று ஒரு தொகையை அவரிடம் நீட்டியிருந்தால் துரத்தியிருப்பார். முன்னோர் செய்ததே நிறைய இருக்கிறது. செய்யாததையும் அவர்கள் தலையில் ஏற்றாதீர்கள்.

பல நாளாக என்னை அரிப்பது உங்கள் முதல் கேள்விதான். ‘கணினியால் முடியாது’ என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். ஏன் முடியாது? வாத்தியாருக்கே கேட்கத் தோன்றாவிட்டால் பிள்ளைகளுக்கு எங்கிருந்து தோன்றும்?

ராபின்சனின் எண்களுக்கு அண்ணன் முறையாக, சாதாரண எண்கணிதத்துக்கு அடிப்படையான பியானோவின் விதிகளுக்கெல்லாம் அடங்கியும் முடிவிலா முழு எண்களை வைத்திருக்கும் எண் உலகங்கள் உண்டு. தர்க்கவியலாளர் ஸ்கோலம் 1934-இலேயே காட்டியவை. அவற்றின் எண்களைக் கணினிக்காக எப்படி வரிசையிட்டாலும், கூட்டலைக்கூட அதனால் செய்ய முடியாது என்று 1959-இல் நிறுவினார் இன்னொரு தர்க்கவியலாளர் டென்னன்பாம். காரணம் இதுதான்.

கணினி நிரல்களுக்கு எண்ணிட்டு, ஒவ்வொன்றையும் அதன் எண்ணையே கொடுத்து ஓடவிடுங்கள். சில 0 சொல்லி நிற்கும், சில 1 சொல்லி நிற்கும், சில நிற்கவே நிற்காது. நிற்காதவை எந்தப் பக்கம் விழுந்தாலும் சரி என்று சலுகை கொடுத்தாலும், முதல் இரண்டு கூட்டத்தையும் பிரித்துவைக்க எந்த நிரலாலும் ஆகாது. ஆனால் ஸ்கோலம் காட்டிய அந்த எண் உலகில் இப்படி ஒரு முடிவிலா எண் இருக்கிறது. நாலாவது நிரல் 0 சொன்னால் நாலாவது பகா எண்ணான 7 அதை மீதியின்றி வகுக்கும். 1 சொன்னால் வகுக்காது. எல்லா நிரலுக்கும் இப்படியே. இப்போது கூட்டல் மட்டும் கைவந்தால் போதும். உலகின் எண்களை ஒவ்வொன்றாக எடுத்து ஏழு முறை கூட்டி, 0 முதல் 6 வரை சேர்த்துப் பாருங்கள். அந்தப் பெரிய எண் என்றைக்காவது வந்தே தீரும், மீதியும் தெரிந்துவிடும். பிரிக்க முடியாததைப் பிரித்தாயிற்று! அதனால்தான் கூட்டல் கைவராது.

பயன்? 2012-இல் வான் டென் பெர்க், பிரிசைட், சஃபாரிக் மூவரும் இத்தகைய எண்கள் நடமாடும் நிறுவல்களிலிருந்து சாதாரண எண்களில் ஓடும் கணக்குமுறையைப் பிழிந்தெடுக்க வழி சொன்னார்கள். பின்னர் சாண்டர்ஸ் என்ற ஆய்வாளர் அதை வெகுதூரம் கொண்டுபோனார். எல்லா நிறுவலும் அப்படிப் பிழிய வராது என்பது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்கா? மெட்ரிக் பரீட்சை முடியட்டும் தம்பி.