தெரபிஸ்ட்டே கதை சொன்னால்: 'தி சைலன்ட் பேஷன்ட்' வாசகர் கேள்வி பதில்

அலெக்ஸ் மைக்கலிடீஸ் 2019இல் எழுதிய இந்த நாவலைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு, ஒரு மனநல ஆலோசகராகவும் த்ரில்லர் வாசகியாகவும் பதில் சொல்கிறேன். கதை தெரியாதவர்களுக்கு: லண்டனில் அலிசியா என்ற ஓவியர் தன் கணவன் கேப்ரியலை முகத்தில் ஐந்து முறை சுட்டுக் கொல்கிறாள். அதற்குப் பிறகு அவள் வாயே திறப்பதில்லை. பல வருடம் கழித்து, அவளை அடைத்து வைத்திருக்கும் மனநலக் காப்பகத்தில் தியோ என்ற தெரபிஸ்ட் வேலைக்குச் சேர்ந்து, அவளைப் பேசவைக்கப் பார்க்கிறான். கதை சொல்பவனும் அவன்தான். முடிவை வெளிப்படையாகப் பேசப்போகிறேன். இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: மேடம், கடைசித் திருப்பத்தை எல்லாரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு ஏமாற்றப்பட்ட உணர்வுதான் வந்தது. இரண்டு காலத்தை ஒன்றுபோலக் காட்டுவது நியாயமா?

பாதி நியாயம். தியோவின் மனைவி கேத்திக்கு வேறொருவனோடு உறவு இருப்பது ஒரு பக்கம், காப்பகத்தில் சிகிச்சை ஒரு பக்கம் என்று கதை நகர்கிறது. இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கின்றன என்று நாமாக எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் கேத்தியின் கதை கொலைக்கு முந்தையது, அவளுடைய காதலனே கேப்ரியல். கொலை நடந்த அன்று முகமூடியோடு அந்த வீட்டுக்குள் நுழைந்தவனும் தியோதான். அலிசியாவின் டைரிக்குத் தேதி உண்டு, தியோவின் அத்தியாயங்களுக்குக் கிடையாது. அந்த வேறுபாடு நம் கண்முன்னே கிடந்தும் நாம் கேள்வி கேட்கவில்லை. இந்த அளவில் எழுத்தாளர் நேர்மையாகவே ஆடியிருக்கிறார்.

உங்கள் கோபத்துக்கும் காரணம் இருக்கிறது. துப்பறியும் கதைகளுக்கு ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929இல் பத்து விதிகள் எழுதினார். துப்பறிபவனே குற்றவாளியாக இருக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. அதை மீறியதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். உடனிருந்து கதை சொல்பவன் தன் மனத்தில் ஓடுவதை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்று இன்னொரு விதி. இடறுவது அங்கேதான். அலிசியாவின் எதிரே உட்காரும்போதெல்லாம் தியோ தன் மனத்தை வரிவரியாகத் திறந்து காட்டுகிறான், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றுதான் முழுக் கதையும்.

கேள்வி: ஒருவர் வருடக்கணக்கில் பேசாமல் இருக்க முடியுமா?

முடியும், ஆனால் அபூர்வம். நிஜத்தில் இப்படி ஒருவர் வந்தால் உடனே பேச்சு சிகிச்சையில் உட்காரவைக்க மாட்டார்கள். மூளை, நரம்புக் கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கேட்டடோனியாவாக இருக்குமோ என்று சோதிப்பார்கள். உடலும் பேச்சும் உறைந்துபோகும் நிலை அது. லோராசெபாம் என்ற மருந்தைக் கொடுத்தால் சிலர் சீக்கிரமே அசைந்து பேசத் தொடங்குவதுண்டு. சில இடங்களில் மட்டும் பேச முடியாமல் போகும் 'செலக்டிவ் மியூட்டிசம்' பெரும்பாலும் சிறுவயதில் தொடங்குவது. அது அலிசியாவுக்குப் பொருந்தாது.

அவளுடைய மௌனம் நோயிலிருந்து வந்ததைவிட கிரேக்க நாடகத்திலிருந்து வந்தது என்பேன். கொலைக்குப் பின் அவள் வரையும் ஓவியத்தின் பெயர் அல்செஸ்டிஸ். யூரிப்பிடிஸின் நாடகத்தில், கணவன் சாகாமலிருக்கத் தன் உயிரைக் கொடுப்பவள் அல்செஸ்டிஸ். மரணத்திலிருந்து மீட்டுக் கொண்டுவந்த பிறகு அவள் மேடையில் ஒரு சொல்லும் பேசுவதில்லை.

கேள்வி: எழுத்தாளர் டாக்டரா?

இல்லை, திரைக்கதை எழுதியவர். இளையோருக்கான மனநலக் காப்பகம் ஒன்றில் பகுதிநேரமாக வேலை பார்த்திருக்கிறார். காப்பகத்தின் அன்றாடம் நம்பும்படி இருப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

கேள்வி: தியோ போல நோயாளியின் உறவினர் வீட்டுக்கெல்லாம் தெரபிஸ்ட் போய் விசாரிக்கலாமா அக்கா?

கூடவே கூடாது. குடும்பத்தாரிடம் பேச வேண்டியிருந்தால் முறைப்படி, சிகிச்சைக் குழுவுக்குத் தெரிந்துதான் பேசுவோம். தியோ செய்வது போலீஸ் வேலை. ஆனால் என்னை அதிகம் உறுத்தியது கிறிஸ்டியன்தான். அலிசியாவுக்கு முன்பே தனியாக சிகிச்சை கொடுத்தவன், அதைச் சொல்லாமல் அதே காப்பகத்தில் அவளுக்கு டாக்டராக இருக்கிறான். இந்தப் புத்தகத்தில் அவளுக்கு உதவ வந்த இரண்டு பேரும் அவளை முன்பே அறிந்தவர்கள், இரண்டு பேரும் அதை மறைத்தவர்கள். விமர்சனங்கள் திருப்பத்தையே பேசி, இதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

கேள்வி: தியோவுக்கு அவள்மேல் வருவது காதலா, கவுன்ட்டர் ட்ரான்ஸ்ஃபரன்ஸா?

காதல் இல்லை. சிகிச்சை கொடுப்பவரின் சொந்தக் காயம் நோயாளியைப் பார்த்துக் கிளர்வதைத்தான் கவுன்ட்டர் ட்ரான்ஸ்ஃபரன்ஸ் என்கிறோம். ஃப்ராய்ட் 1910இல் அதைத் தடையாகப் பார்த்தார். 1950இல் பவுலா ஹெய்மன் என்ற உளப்பகுப்பாய்வாளர், அந்த உணர்வே நோயாளியைப் புரிந்துகொள்ள உதவும் கருவி என்று எழுதினார். கருவியாக வேண்டுமென்றால், அதை மூத்தவர் ஒருவரிடம் வெளிப்படையாகப் பேசித் தீர்க்கும் பழக்கம் வேண்டும். தியோவுக்கு ரூத் என்ற நல்ல தெரபிஸ்ட் இருக்கிறார். அவர் சொல்வதை அவன் கேட்பதில்லை.

கேள்வி: சின்ன வயது அடியால்தான் கொலை செய்தாள் என்று முடிப்பது மலிவாகப் படவில்லையா?

அடிபட்டவர்கள் எல்லாம் கொலைகாரர்கள் என்று சொல்லியிருந்தால் மலிவுதான், பொய்யும்கூட. அப்படி வளர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தொடுவதில்லை. மனநோய் உள்ளவர்கள் தாக்குவதைவிடத் தாக்கப்படுவதே அதிகம்.

ஆனால் இந்த நாவல் அதைவிட நுணுக்கமாக ஒன்றைச் செய்கிறது. விபத்தில் அம்மா செத்ததும், இவள் செத்திருக்கக் கூடாதா என்று அப்பா சொல்வது சிறுமி அலிசியாவின் காதில் விழுகிறது. பல வருடம் கழித்து முகமூடியோடு வீட்டுக்குள் வரும் தியோ, சாகப்போவது நீயா உன் மனைவியா என்று கேப்ரியலைக் கேட்கிறான். சாக விரும்பவில்லை என்கிறான் கேப்ரியல். நேசித்தவன் வாயிலிருந்து அதே தீர்ப்பு அவளுக்கு இரண்டாம் முறை வருகிறது. அவள் சுடுவதை இது நியாயப்படுத்தாது. ஆனால் தியோ கேப்ரியலைச் சுடாமலே அந்தக் கொலையில் பாதியைச் செய்துவிட்டான் என்பது விளங்கும். திருப்பத்தைவிட இந்த ஒரு காட்சிக்காகத்தான் இந்தப் புத்தகத்தை மதிக்கிறேன்.

கேள்வி: கவுன்சலிங் போக நினைத்திருந்தேன். இதைப் படித்த பிறகு பயமாக இருக்கிறது.

போங்கள், தள்ளிப்போடாதீர்கள். முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: என்ன படித்திருக்கிறீர்கள், உங்கள் வேலையை மேற்பார்க்க யாராவது இருக்கிறார்களா, நான் சொல்வது எப்போது வெளியே போகும்? நல்லவர் மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்வார். ரகசியத்துக்கு எல்லை உண்டு. இன்னொருவர் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் அவரைக் காப்பாற்றச் செயல்பட வேண்டிய கடமை தெரபிஸ்ட்டுக்கு உண்டு என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976இல் டாரசாஃப் வழக்கில் சொன்னது. இதில் சட்டம் இடத்துக்கு இடம் மாறும், அதனால் கேட்டே தெரிந்துகொள்ளுங்கள். மனம் ஒப்பவில்லையா, வேறொருவரிடம் மாறுங்கள். அலிசியாவுக்கு இல்லாத அந்த உரிமை உங்களுக்கு இருக்கிறது.

கேள்வி: முடிவு தெரிந்த பிறகு மறுபடி படிக்கலாமா?

படிக்கலாம், வேறு வரிசையில். முதலில் அலிசியாவின் டைரியை மட்டும் தொடர்ந்து படியுங்கள். ஒருவன் வீட்டை நோட்டம் விடுகிறான் என்று அவள் எழுதுவாள். கணவன் நம்பமாட்டான், டாக்டரிடம் அனுப்புவான். அவள் சொன்னது அத்தனையும் உண்மை என்று தெரிந்துகொண்டு படிக்கும்போது அது வேறொரு புத்தகமாக இருக்கும். தியோவின் பக்கங்களை அதற்குப் பிறகு எடுங்கள்.