வாசகர் கேள்வி: வேலை இல்லாத நேரத்தில் ஒரு பிள்ளைப்பேறு

கேள்வி: நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கணவர் கொழும்பில் ஒரு பெரிய களஞ்சியத்தில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தார். அது மூடப்பட்டதால் தை மாதம் ஊருக்கு வந்துவிட்டார். நான் யாழ். நகரில் ஒரு புடைவைக் கடையில் நின்றேன். வயிறு தெரியத் தொடங்கியதும், "பிள்ளை பிறந்த பிறகு பார்க்கலாம்" என்று சொல்லி முதலாளி என்னை நிறுத்திவிட்டார். வறிய குடும்பங்களுக்கு அரசு கொடுக்கும் அஸ்வெசும உதவிப் பணமும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. வெளிநாடுகளைப் போல வேலையற்றவர்களுக்கு இங்கே அரசு ஏதாவது கொடுக்கிறதா? தாலிக்கொடியை அடகு வைப்பதைத் தவிர வேறு வழி உண்டா?
– ஒரு சகோதரி, கோண்டாவில்

பதில்: அன்புச் சகோதரிக்கு, வேலை இழந்தவருக்கு மாதந்தோறும் பணம் கொடுக்கும் திட்டம் இலங்கையில் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது: நீங்கள் உதவி தேடுகிறீர்கள், உங்கள் இருவருக்கும் வரவேண்டிய பணமோ இன்னும் கேட்கப்படாமலே கிடக்கிறது. கொடியைக் கழற்றும் முன் அதைக் கேளுங்கள்.

கணவரின் கணக்கை முதலில் பார்ப்போம். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்த நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகளைப் பூர்த்தி செய்தவருக்குப் பணிக்கொடை உரித்தானது. மாதச் சம்பளக்காரருக்கு ஓர் ஆண்டுக்கு அரைமாதச் சம்பளம் என்பதால் ஆறு ஆண்டுகளுக்கு மூன்று மாதச் சம்பளம் வரும்; வேலை முடிந்து 30 நாள்களுக்குள் அதைச் செலுத்த வேண்டியது முதலாளியின் கடமை. அது மட்டுமல்ல, அப்படிப்பட்ட நிறுவனம் தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ இல்லாமல், ஒழுக்காற்றுக் காரணத்துக்காகத் தவிர, ஒருவரை வேலையிலிருந்து நிறுத்த முடியாது என்று 1971ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அனுமதி கிடைத்தாலும் நட்டஈடு கொடுக்க வேண்டிவரும். உங்கள் கணவர் கடைசி நாளில் எந்தத் தாளில் கையெழுத்து வைத்தார் என்பதைக் கேட்டுப் பாருங்கள். தாமாக விலகுவதாக எழுதிய கடிதத்தைச் சம்பளப் பற்றுச்சீட்டோடு சேர்த்து நீட்டி ஒப்பம் வாங்கும் இடங்கள் இருக்கின்றன. அப்படி நடந்திருந்தாலும் பணிக்கொடை கைவிட்டுப் போகாது, ஏனெனில் தாமாக விலகியவருக்கும் அது உண்டு. இவற்றோடு, முதலாளி மாதம் 3 சதவீதம் செலுத்தி வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியையும் வேலையை விட்டவர் மீளப் பெறலாம்.

இனி உங்கள் விடயம். கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கர்ப்பமாக இருக்கிறார் என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு பெண்ணை வேலையிலிருந்து நீக்குவது தவறு. பேறுகாலத்துக்கு 84 நாள்கள் சம்பளத்துடன் விடுமுறை உங்களுக்கு உரியது. "பிறகு பார்க்கலாம்" என்ற முதலாளியின் வார்த்தை மென்மையாக இருக்கலாம். அதன் பொருள் அந்த 84 நாள் சம்பளத்தைத் தராமல் விடுவதுதான். யாழ்ப்பாணத்திலுள்ள தொழில் திணைக்களப் பணிமனைக்கு இருவரும் சேர்ந்து போங்கள். முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை. நியமனக் கடிதம் இல்லையே என்று தயங்க வேண்டாம். சம்பளம் எழுதிய துண்டு, கடையின் பெயர் அச்சிட்ட சீருடை, முதலாளி கைத்தொலைபேசிக்கு அனுப்பிய செய்தி, உடன் வேலை செய்தவர்களின் சாட்சி எல்லாம் சான்றுகளே. தொழில் நியாய மன்றுக்குப் போவதானால் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் போக வேண்டும். பிள்ளை பிறக்கட்டும் என்று காத்திருந்தால் அந்தக் காலம் கடந்துவிடும்.

ஊழியர் சேமலாப நிதியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. திருமணத்தை முன்னிட்டு வேலையை விட்ட பெண், திருமணமாகி ஐந்து ஆண்டுகளுக்குள் என்றால், தன் பணத்தை எடுக்க அனுமதி உண்டு. பலரும் உங்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வார்கள். நான் இதைக் கடைசிக்குத் தள்ளுவேன். அது உங்கள் முதுமைக்கான பணம் என்பது ஒரு காரணம். திருமணத்துக்காக வேலையை விட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கர்ப்பத்துக்காக நீக்கினார்கள் என்று முறையிடுவது உங்கள் வாயாலேயே உங்கள் வழக்கைக் கெடுப்பதாகும் என்பது மற்றக் காரணம்.

கர்ப்பிணிக்கு அரசு தரும் உதவிகளுக்கெல்லாம் வாசல் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர்தான். அவர் பதிந்து தரும் கர்ப்பவதிப் பதிவட்டையை ஒரு பொலித்தீன் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருங்கள். கர்ப்பிணித் தாய்மாருக்கான போஷாக்குக் கொடுப்பனவு 2015இல் மாதம் 2,000 ரூபாவாக, 10 மாதங்களுக்கு என்று தொடங்கியது. பின்னர் 4,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இது காசாகக் கையில் வருவதில்லை, உணவுப் பொருளாகப் பெறவேண்டியது. கிளினிக்கில் பதிந்த தாய்க்கு உரியது என்பதால், அஸ்வெசும இல்லை என்பதற்காக ஒதுங்கி நிற்காதீர்கள். ஐந்து மாதமாகியும் பதியாமல் இருந்தால் நாளைக்கே போங்கள். திரிபோஷா என்ற சத்துமாவும் அங்கேதான், மாதம் 750 கிராம் பக்கெற் இரண்டு. தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டை பிடித்தால் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் கை நீட்டுவார்கள். வேலையில்லாத வீட்டில் தாய் தன் பங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பது வழக்கம். தயவுசெய்து அந்த இரண்டு பக்கெற்றையும் நீங்களே சாப்பிடுங்கள்.

பிள்ளைப்பேற்றுக்கு யாழ். போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலோ கட்டணம் இல்லை. இரவில் வலி கண்டால் 1990ஐ அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசமாக வரும். தனியார் மருத்துவமனைக்கென்று கடன் வாங்குவதை, அதிலும் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் நுண்நிதிக் கடனை, உங்கள் நிலையில் நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

அஸ்வெசும பற்றி: உங்கள் வீட்டு விபரம் கணவர் வேலையில் இருந்தபோது எடுக்கப்பட்டிருக்கலாம். இப்போது இரண்டு வருமானமும் நின்றுவிட்டன என்பதை எழுத்தில் கொடுத்து, பிரதேச செயலகத்தின் நலன்புரி நன்மைகள் பிரிவில் புதிய விண்ணப்பத்துக்கு வழி கேளுங்கள். 2025 தை முதல் வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபாவும் மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாவும் வழங்கப்படுகின்றன. கிராம அலுவலரிடம் போகக் கணவர் கூச்சப்படக்கூடும். ஆறு ஆண்டுகள் உழைத்த மனிதருக்கு அந்தக் கூச்சம் இயல்பானது. அவரை மட்டும் அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள்.

கேள்வி: நாங்கள் கோவிலில் தாலி கட்டினோம்; திருமணத்தைப் பதியவில்லை. இருவருக்கும் வேலை இல்லை. கிளினிக்கில் பதிய மறுப்பார்களா?
– வேலணை வாசகர்

பதில்: மறுக்க மாட்டார்கள். குடும்பநல உத்தியோகத்தருக்கு வேண்டியது தாயும் வயிற்றிலுள்ள பிள்ளையும்தான். ஆனால் திருமணப் பதிவு இல்லாவிட்டால், பிள்ளையின் பிறப்புப் பதிவில் தந்தையின் பெயரைச் சேர்க்க இருவரும் கூட்டாகக் கேட்டு ஒப்பமிட வேண்டிவரும். மூன்று மாதங்கள் கடந்துவிட்டால் காலங்கடந்த பதிவுக்கான அலைச்சல் தனி. பிள்ளை பிறக்கும் முன்னரே இருவரும் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு விவாகப் பதிவாளரிடம் போய்வாருங்கள்.